வரும்போது கிரீம்

வரும்போது கிரீம்.
இவ்வளவுதான் யோகேஸ் அனுப்பியிருந்தாள்,
ஆறு நாற்பத்திரண்டுக்கு.
அழைத்தேன்.
இந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியாதென்று
மலாயில் ஒரு பெண் பணிவாகச் சொன்னாள்.
செந்தூலில் மழை.
ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு
நனைந்த சட்டையோடு பேரங்காடிக்குள் நுழைந்தேன்.

மூன்றாம் வரிசையில் கிரீம் கிரேக்கர்,
அவள் அப்பா தேத்தண்ணியில் முக்கித் தின்பது.
எடுத்துவிட்டேன்.
ஆனால் அதை அவள் பிஸ்கட் என்றுதானே சொல்வாள்?
திரும்ப வைத்தேன்.

குளிர்ப்பெட்டியில் கேக்குக்கான கிரீம்.
கவினேஷின் பிறந்தநாள் இந்த மாதமா, அடுத்த மாதமா?
பெற்ற தகப்பன்,
விரல் மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன்.

பால்டின் இருந்த தட்டில்
எல்லாம் இப்போது கிரீமர்.
பால் எந்தத் தேதியில் விலகிக்கொண்டதென்று
யாரும் அறிவித்ததாக ஞாபகமில்லை.

முகத்துக்கு என்றால் ஒரு சுவர் நிறைய.
ஏழே நாளில் வெளுக்கும் என்றது ஒன்று.
அவள் கறுப்பில் எனக்கு ஒரு குறையுமில்லை.
அதை அவளிடம் சொல்லியிருக்கிறேனா,
பதினோரு வருஷத்தில்?

"சாரி அப்பா, அங்கிள்?" என்றாள்
பெட்டி அடுக்கும் பெண்.
என்ன தேடுகிறேன்.
"கிரிம்" என்றேன்.
"கிரிம் அப்பா?"
அவளுக்கும் பதில் இல்லை என்னிடம்.
மஸ்ஜிட் இந்தியா இனிப்புக்கடையில்
மலாய் என்றாலே கிரீம்தான்.
அதை இவளிடம் எந்த மலாயில் விளக்குவது?

அப்போதுதான் சாயம் நினைவுக்கு வந்தது.
ஹாலுக்கு வெள்ளையா, கிரீமா?
தீபாவளிக்கு முன் போட்ட சண்டை.
வெள்ளை என்று நின்றவன் நான்.
பாதி சுரண்டிய சுவர் இன்னும் அப்படியே.
இந்தச் சொல் சமாதானமா,
சண்டையின் மிச்சமா?

போன மாதம் பள்ளிக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர்,
முதல் வகுப்புப் பிள்ளைகள்தான் கிரீம் என்றார்.
எங்கள் தர்ஷிகா நான்காவதில்.
மேலே மிதப்பதற்குப் பேர் உண்டு,
அடியில் நிற்பதற்கு என்ன பேர் என்று
யோகேஸ் எழுந்து கேட்டாள்.
நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

நம்மிடமும் சொல் இருக்கிறது:
ஆடை.
தினமும் காலையில் என் கோப்பையிலிருந்து
ஒரு விரலால் அதைத் தூக்கித் தட்டில் தேய்ப்பேன்.
வழித்து அவள் வாயில் போட்டுக்கொள்வாள்.
இன்றும் அப்படித்தான் கை நீண்டது.
மணிக்கட்டில் சிவந்த தழும்பு,
எண்ணெய் தெறித்தது போல.
பார்த்தேன்.
பேப்பரைப் புரட்டினேன்.

மருந்துப் பகுதி மூலையில் இருந்தது.
பதினான்கு வெள்ளி.

வீட்டில் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுவும் சரிதான்" என்றாள்.
எதற்குப் பதிலாக என்று சொல்லவில்லை,
கையை மட்டும் நீட்டினாள்.
மூடி இறுகியிருந்தது.
பல்லால் கடித்துத் திறந்தேன்.
நாக்கெல்லாம் கசப்பு.