புகாராவிலிருந்து ஒரு புகார்

எட்டுப் பயணிகள்
நடுவெயிலில் நின்று காலைத் தூக்குகிறார்கள்.
தாண்ட அங்கே எதுவுமில்லை.
புழுதி, ஒரு சோடா மூடி,
சுவரோரம் நிழலாகவே ஆகிவிட்ட பூனை.

உயர்த்திப் பிடித்த போனுக்குள்தான்
வாசற்படி இருக்கிறது.
அதற்கப்பால் நானூறு வருடம் பழைய குளியல்கூடம்,
நீலச் சில்லு பதித்த கூரை,
ஆவி எழும் தொட்டி.
காசு கட்டியவர்களுக்குத்
தண்ணீர்ச் சத்தமும் உண்டு.

தொட்டியின் நட்டநடுவில்
சனோபரின் தராசு.
முலாம்பழம் விற்கிறாள்.
போனுக்குள் அவள் இல்லை.
இன்றைக்கு உள்ளதை அழித்தால்தான்
அன்றைக்கு இருந்தது தெரியும் என்று
தாஷ்கந்தில், குளிரூட்டிய அறையில்,
எல்தோர் முடிவெடுத்திருந்தான்.
மின்கம்பம் குப்பைத்தொட்டி பழக்கடை
மூன்றும் ஒரே சொடுக்கில்.

முதல் வாரமே ஒரு பிரெஞ்சுக்காரர்
கூரையை அண்ணாந்தபடி
குவியலுக்குள் நடந்துவிட்டார்.
மூன்று பழம் வெடித்தது.
சப்பாத்தில் ஒழுகும் சாறு
எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று
அவர் திரையில் தேடிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள்.
நுழைவுச்சீட்டு, கழிப்பறை, மொழிக் கோளாறு, மற்றவை.
மற்றவையில் டிக் போட்டு
சனோபர் எழுதினாள்:
நான் தண்ணீருக்கடியில் இருக்கிறேன்.

(புகார் என்று எழுதும்போதெல்லாம்
கடல் கொண்ட ஊரொன்று
எனக்குக் குறுக்கே வருகிறது.
அதன் வீதிகளையும் ஒருநாள்
யாராவது போனில் எழுப்புவார்கள்,
கரையில் கருவாடு காயவைப்பவளை
முதலில் அழித்துவிட்டு.)

ரயிலேறி எல்தோர் வந்தான்.
மன்னிப்பை வழியெல்லாம்
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான்.
அவள் அதைக் கேட்கவில்லை, போனைக் கேட்டாள்.
தன்னைச் சுற்றித் தானே திருப்பிப் பார்த்தாள்.
தொட்டி. நீர். நீரில் ஆடும் விளக்கு.
"நல்லாத்தான் செஞ்சிருக்கே.
இந்த வெயிலுக்கு
இதுக்குள்ளேயே உட்காந்துக்கலாம்.
ஆனா எடைக்கல் மிதக்குமா?"

அப்போதுதான் அவன் கவனித்தான்,
படத்தில் குறித்த இடத்தில் கடை இல்லை.
நாலு எட்டு தள்ளி,
இல்லாத வாசற்படிக்கு முன்னால்,
பழங்கள் அடுக்கியிருந்தன.

ஏன் என்றான்.
"எல்லாரும் கூரையைப் பாத்துக்கிட்டே வராங்க.
இங்கே வந்ததும்
தடுக்கிடுமோன்னு பயந்து
போனை இறக்கிக் கீழே பாக்கறாங்க.
கீழே யாரு இருக்கா?"

எல்தோர் வரைபடத்தை விரித்தான்.
அகழ்ந்தவர்கள் கண்ட படி
இங்கே இல்லை; அங்கே,
மூன்று மீட்டர் வடக்கே.
பிழை அவனுடையது.
வெள்ளிக்கிழமைக்குள் திருத்தச் சொல்லி
மேலிடத்துக் கடிதம் வேறு.

சொன்னான்.
சனோபர் ஒரு பழத்தைக் கீறி
விதை வழித்து
அவனிடம் நீட்டினாள்.
காசு வாங்கிக்கொண்டாள்.

வியாழன் நள்ளிரவில் வாசற்படி நகர்ந்தது.
பூனை எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை
யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் எனும்
கணக்கைத் திறந்தான்.
புள்ளிகள் வடக்கே போயிருந்தன.
மூன்று விநாடியில் கடக்கவேண்டிய படியில்
ஆளுக்கு நாலு நிமிடம்.
நாலு நிமிடம்:
தட்டிப் பார்க்க, முகர்ந்து பார்க்க,
விலை குறைக்கச் சொல்லித் தோற்க,
கைக்குட்டை தேட.

அவளிடம் அந்தச் செயலி கிடையாது.
கால்களைப் பார்த்திருப்பாள்.

மேலாளர் கேட்கிறார்,
அந்தப் படியில் அப்படி என்ன இருக்கிறது?

பதில் கட்டத்தில்
எல்தோர் தேர்ந்தெடுக்கிறான்:
மற்றவை.