பனச்சமூட்டில் எட்டுப் புள்ளி

லாரி இன்னும் வரவில்லை.
அம்மோனியா கலந்த ரப்பர் பால்,
பதினேழு பீப்பாய்.
ஒன்றின் மூடியில் சாக்பீஸால்
புள்ளி வைக்கிறேன்.

நைட்ரஜனுக்கு ஐந்து.
ஹைட்ரஜன் மூன்று, தலைக்கு ஒன்று.
ஆக எட்டு.
மூன்று கோடு இழுத்ததும்
ஆறு தீர்ந்துவிடுகிறது.
மிச்சம் இரண்டு
கோடு கிடைக்காமல் உச்சியில்.

'தனித்த இரட்டை' என்கிறது புத்தகம்.
இரண்டு பேர் இருக்கையில் என்ன தனிமை,
அதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள்.
போன தடவை கேட்டது தண்ணீர்:
பிணைப்பில் நான்கு, பிணையாமல் நான்கு.
கோட்டை மட்டும் எண்ணி
எழுந்து வந்துவிட்டேன்.
ஒரே மார்க்கில் போனது வேலை.

பாறசாலையிலிருந்து வந்த ஷிபு
மூடியைத் தூக்குகிறான்,
என் எட்டோடு சேர்த்து.
மலையாளத்தில் ஒரு கெட்ட வார்த்தை,
எந்த மொழியும் இல்லாத இருமல்.

எனக்கும் கண் எரிகிறது.
எரிப்பது கோட்டுக்குள் அடங்கின ஆறு இல்லை.
சும்மா உட்கார்ந்திருந்த அந்த இரண்டுதான்
கண்ணின் ஈரத்தில் கை நீட்டி
ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது.
அது இருக்கும்வரைதான்
பாலும் திரியாமல் கிடக்கிறது.

முந்தானையால் துடைத்துக்கொண்டு
அடுத்த மூடியில் தொடங்குகிறேன்.
இந்த முறை
உச்சியிலிருந்து.