அறுநூற்றைம்பது சொற்கள்

உன்னை மாற்றிய இன்னல் ஒன்றைச் சொல்
என்கிறது படிவம்.

சுனாமியை எழுதடி என்கிறாள்
றொறன்ரோவிலிருந்து சுவர்ணியா மச்சாள்.
நான் பிறக்க முதலே அது வந்து போயிற்று.
அப்ப சண்டை?
அது முடிந்தபோது எனக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது.
அப்ப உன்னட்ட என்னதான் கிடக்கு?

மண்டூர்த் துறையில் பாதைக்கு நிற்கிறேன்.
போனில் இருபத்திரண்டு வீதம் சார்ஜ்.

என்னிடம் கிடப்பது இந்தப் பாதைதான்.
எத்தனை மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் நின்றால்
எவ்வளவு சரியும் என்று
இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
போன மாரியில் ஒருநாள்
"இடப்பக்கம் தள்ளுங்க, சரியா வரும்" என்று
நான்தான் சொன்னேன்.
தள்ளினார்கள்.
மீன்கார அலியாரின் ஸ்கூட்டி
பெட்டியோடு வாவிக்குள் இறங்கியது.
உருகின ஐஸ் பெட்டிக்குள் ஆடும் என்பதை
நான் சேர்க்கவில்லை.
சூடை மிதந்து மிதந்து போனது.
எல்லாரும் பாதைக்காரரை ஏசினார்கள்.
நான் கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்ற வரியை
நாலு தரம் அழித்துவிட்டேன்.
அது இல்லாவிட்டால் கட்டுரை நன்றாயிருக்கிறது.
துணிச்சலான ஒரு பெட்டை அதில் நிற்கிறாள்,
ஆளை எனக்குத் தெரியாது.

ஐந்தாம் தரம் எழுதுகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.
பதினெட்டு வீதம்.

பாதை வந்துவிட்டது.
புதுப் பெட்டியோடு அலியார் ஏறுகிறார்.
"கொஞ்சம் அங்கால நில்லு புள்ள,
பாரம் ஒரு பக்கமா கிடக்கு."