புள்ளி மூன்று மில்லிமீட்டர்

கொட்டேஷனின் கடைசி வரியில்
சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன்:
கான்கிரீட் வெடிப்பு விடும்.
மதாம் அர்னசெல்லம் கையெழுத்துப் போட்டார்,
படிக்கவில்லை.

ஆகஸ்ட். மாயேபூர்.
தென்கிழக்குக் காற்று கடலைத் தாண்டி நேரே வந்து
தளத்தின் மேல் ஏறி உட்காரும் மாதம்.
விடிகாலை நாலுக்கே ஊற்றிவிடலாம் என்றேன்.
பத்தரைக்குத்தான் நல்ல நேரமாம்.
கற்பூரம் மூன்று தடவை அணைந்து
முதல் லாரி கவிழ்த்தபோது பதினொன்றே கால்.

தளம் போடும் நாள் இங்கே பாதிக் கல்யாணம்.
மச்சான்மார், பக்கத்து வீட்டு முசே லாபோன்,
ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு யோசனை.
பிரியாணி அண்டா திறந்ததும்
ஈரச் சாக்கு விரிக்க வேண்டிய கைகளெல்லாம்
தட்டில் இருந்தன.
நானும்தான் சாப்பிட்டேன்.
இருபது நிமிடம்.

திரும்பி ஏறியபோது
தளம் நெடுகக் கோழி கிளறின மாதிரி கோடுகள்.

மூன்றாம் நாள் மதாம்
ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்திப் பிடித்து
வெடிப்பில் நுழைக்கப் பார்த்தார்.
நுழையவில்லை. கோபமும் தணியவில்லை.
நான் அளவு அட்டையை வைத்தேன்:
புள்ளி மூன்று.
"காற்று, மதாம்."

காற்று பாதி.
மூன்றாவது லாரிக் கலவை கெட்டியாக இறங்கியபோது
ஜெரோம் ஹோஸ் பைப்பை அதற்குள் திருப்பியதை
ஏணியில் நின்று பார்த்தேன்.
பம்ப்பு வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
கம்பிகளை எண்ணினேன்,
ஏற்கெனவே இரண்டு முறை எண்ணியவற்றை.

வெடிப்பின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி
பென்சிலில் தேதி போட்டிருக்கிறேன்.
தளம் இன்னும் அசைகிறதென்றால் அது உடையும்.
உடையாவிட்டால்
ஊசியில் பசை ஏற்றி மூடி,
தண்ணீர் கட்டிப் பார்த்து,
பிடித்து வைத்த ஐந்து சதவீதத்தைக் கேட்கலாம்.

சனிக்கிழமைதோறும் ஏறுகிறேன்.
மதாம் இப்போது காபி கொடுத்தனுப்புகிறார், சர்க்கரை இல்லாமல்.
ஜெரோம் கீழேயிருந்தே கேட்பான்:
"உடைஞ்சதா, பத்ரோன்?"
இல்லை என்பேன்.
ஹோஸ் பைப் ஏன் என் வேனில் பூட்டிக் கிடக்கிறதென்று
அவன் கேட்டதில்லை.

அடுத்த மாதம் இதே வீட்டுக்கு கார் ஏறும் பாதை.
ஊற்றிய மறுநாள் காலையிலேயே
மூன்று மீட்டருக்கு ஒரு கோடு அறுத்துவிடுவேன்:
வெடிக்கத்தான் போகிறாய்,
இந்த வழியாக வெடி.

புதுக் கொட்டேஷனில்
அந்த வரியை முதல் பக்கத்துக்கு ஏற்றியிருக்கிறேன்.
எழுத்து மட்டும்
இன்னமும் சின்னதுதான்.