தோன்றா எழுவாய்

வாரத்தில் ஐந்து நாள்
நான் பிறருடைய 'நான்'.
குடும்ப நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.
சாட்சி பேசினால் சாட்சியாகவே பேச வேண்டும்,
'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்க இடமில்லை.
ஆகவே எனக்கு இதுவரை பதினேழு விவாகரத்து,
நாற்பது சொச்சம் பாதுகாப்பு உத்தரவு,
ஈசூனில் வீவக வீடு, அதில் பாதிப் பங்கு,
சனிக்கிழமை மட்டும் பிள்ளைகள்.
எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இன்று காலை வந்தவள்
இரவு வேலை முடித்து, சீருடையோடே வந்திருந்தாள்.
பெயர் சொல்ல மாட்டேன்.
அகப்பாட்டில் பெயர் சொல்வதில்லை,
இந்த நீதிமன்றத்திலும் அப்படித்தான்.

"அடிச்சாங்க" என்றாள்.

ஒரே சொல். ஆங்கிலம் என் வாயை மறித்து நின்றது:
யார்?
ஒருவரா பலரா, ஆணா பெண்ணா,
அந்த விகுதி எதையும் சொல்லவில்லை.
மரியாதையை மட்டும் சொன்னது.
தெளிவில்லை, மன்னிக்க வேண்டும், என்று
நீதிபதியிடம் அனுமதி கேட்டு அவள் பக்கம் திரும்பினேன்.
யாரும்மா?
"அவங்கதான்" என்றாள், எனக்குத் தெரியாதா என்பதுபோல.

உயர்நிலை இரண்டில் படித்தது. தோன்றா எழுவாய்:
வாக்கியத்தில் இருக்கும், கண்ணில் படாது.
ஆசிரியர் பலகையில் எழுதியது, 'வந்தான்'.
'சமைச்சாச்சு' என்று எழுதியிருக்கலாம்.
'துவைச்சாச்சு', 'புள்ளைக்கு ஊட்டியாச்சு'.
தோன்றாதவள் யாரென்று வகுப்பே கத்தியிருக்கும்.

போன சனிக்கிழமை தோ பாயோ நூலகத்தில்
எங்கள் கதை வட்டம். ஆறு பெண்கள், ஓர் அமுதக்கோன்.
என் கதையில் நாலாம் பக்கம் வரை
பேசுவது பெண்ணென்றே தெரியவில்லையாம் அவருக்கு.
தன்மைக்குப் பால் இல்லையே, என்றேன்.
நான் வந்தேன். கத்தியை எடுத்தேன். வெங்காயம் நறுக்கினேன்.
எந்த வரியில் உங்களுக்குப் பெண்ணானேன்?
யோசித்து, நேர்மையாகவே சொன்னார்:
"வெங்காயத்தில்."

ஸக்கியா சிரித்த சிரிப்பில் நூலகர் எட்டிப் பார்த்தார்.

அவள் எழுதுவதில்லை, கேட்க மட்டும் வருகிறாள்.
பழைய பாட்டில் தோழிக்கு ஒரு வேலை உண்டு,
வேலிக்கு அப்பால் நிற்பவன் காதில் விழ
தலைவியிடம் பேசுவது. சிறைப்புறம்.
எட்டாம் மாடியில் வேலிக்கு எங்கே போக?
ஸக்கியாவின் சமையலறை ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல்,
நடுவே மூங்கில் கழிகளில் ஈரத்துணி.
"நேத்து ராத்திரி சத்தம் எங்கூட்டு வரைக்கும் கேட்டுச்சு, புள்ள.
எனக்குப் போலீஸ் நம்பர் மனப்பாடம்."
பக்கத்து வீட்டுக் கூடத்தில்
தொலைக்காட்சி சத்தம் சட்டென்று குறைந்ததாம்.
இதை அப்படியே எழுது, என்றேன்.
"இதுவா? இது துணி காயப்போடறப்போ பேசுனது."

இடைவேளைக்குப் பிறகு அவள் மறுபடி ஏறினாள்.
கீழே கடையில் தே ஓ குடித்திருக்க வேண்டும்,
மேல் உதட்டில் வேர்வை.
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமாகக் கேட்டார்:
அன்றிரவு நடந்ததை இன்னொரு முறை சொல்ல முடியுமா?

அவள் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.
முதல்முறையாகப் பார்த்தாள்.
"அடிச்சான்."

பதினான்கு வருடத்து 'ஆங்க'
சத்தமில்லாமல் தரையில் விழுந்தது.
அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர்,
அவள், நான், அவன்.
அவன் நாற்காலியில் அசைந்தான்.

ஆங்கிலத்தில் முன்பும் அதே சொல்,
பின்பும் அதே சொல்.
சொன்னேன், அவளாகவே, விதிப்படி.
பதிவில் ஒரே வரி இரண்டு முறை இருக்கும்.
தட்டச்சுப் பிழை என்று
யாராவது ஒன்றை அடிக்கக்கூடும்.