முக்காற்புள்ளி

இரண்டு பத்து. பணகுடிக்கு மேற்கே
ஆடிக் காற்று அடிக்கிற அடியில்
கட்டுப்பாட்டு அறையின் தகரக் கதவு
தாழ்ப்பாளோடு சண்டை பிடிக்கிறது.
வெளியே இறக்கைகள் சுற்றுகிற சத்தம்.
உள்ளே திரையில்
அறுபத்து நாலு காற்றாலைக்கும் பூஜ்யம்.

சர்வருக்குள் போனேன். விட்டது.
எல்எஸ் என்றேன்.
அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது.
கேட் என்றேன். இல்லை.
விஐ. இல்லை.
ஆறு வருஷம் இதே வாசலில் புழங்கினவளை
யாரம்மா நீ என்று கேட்கிற மாதிரி
ஓர் இல்லை.

எக்கோ என்றேன், சும்மா, வாய் தவறினாற்போல்.
அது மட்டும் திருப்பிச் சொன்னது.
சிடி போட்டேன், போனது.
அப்போதுதான் பிடிபட்டது:
ஷெல்லோடு பிறந்தவை பிழைத்துக் கிடக்கின்றன.
தேடிப் போய்க் கூட்டி வரவேண்டியவை எல்லாம்
இருந்த இடத்திலேயே இருக்கின்றன,
தேடுகிறவனுக்குத்தான் வழி மறந்துவிட்டது.
பாத் போயிருக்கிறது.

முழு விலாசம் சொன்னால் வரும்.
தெருவும் கதவு எண்ணும் சேர்த்து
சாய்கோடு போட்டுக் கூப்பிட்டேன்.
ஒன்றும் நடக்காததுபோல் எல்எஸ் வந்து
கோப்புகளை வரிசையாகப் பரப்பிவிட்டு நின்றது.

தேடினது அதில் இல்லை. இருக்காது.
தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.
இங்கே பேருக்கு முன்னால் புள்ளி வைத்தால்
மெய் மறைந்து உயிர் மட்டும் நடமாடும்.
கழித்தல் குறியும் ஓர் ஏ-யும் சேர்த்தால்தான் தெரியும்.
டாட் பாஷ்ஆர்சி.
வா வெளியே.

இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
இந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும்
ஆளுக்கு நாலு வரி விட்டுப் போயிருக்கிறார்கள்.
எல்எஸ்ஸுக்கு ஏலே என்று பட்டப்பேர் வைத்தது கிதியோன்.
பிராம்ப்டில் பச்சை ஊற்றியது மைதீன் பிச்சை.
'இதைத் தொடாதே' என்ற குறிப்புக்குக் கீழே
ஒன்றுமே இல்லை, வெற்று வரி.
நானும் தொடவில்லை.

மேல்பாதிக்கு ஹேஷ் போட்டு ஊமையாக்கி
புது ஷெல் திறந்தேன். அதே இல்லை.
கீழ்ப்பாதியை ஊமையாக்கினால் பேசுகிறது.
அதில் பாதி. அதிலும் பாதி.
டீ ஆறி ஏடு கட்டியது.

நூற்றெழுபத்தெட்டாவது வரி.
இயந்திரத்தின் பேர் மகேந்திரகிரி என்றால்
பாத் சமம் காற்றுப்பதிவுக் கோப்புறை.
அவ்வளவுதான்.
புது வழியை எழுதினவன்
பழைய வழியைச் சேர்க்கவில்லை.
ஒரு முக்காற்புள்ளி, ஒரு டாலர், நாலு எழுத்து.
அது இல்லாமல் ஊரே இல்லை.

கிதியோன் இப்போது கயத்தாறில் நைட் ஷிப்டு.
போன் போட்டேன்.
"அது பழைய டெஸ்ட் மெஷினுக்கு எழுதுனதுல்லா பிரிசில்லா?
அத வித்தே நாலு வருசம் ஆச்சே."
"நேத்து ஹெட் ஆபீஸ்ல
நம்ம சர்வருக்கு அந்தப் பேர வச்சிட்டாவ."
அவன் பக்கமும் என் பக்கமும்
கொஞ்ச நேரம் காற்றுதான் பேசியது.
"சவம்," என்றான்,
"பேரு வருமுன்னு காத்துக் கெடந்திருக்கு பாரு."

திருத்தினேன். பழைய சன்னலை மூடவில்லை.
திருத்தினதே தப்பாகிவிட்டால்
திரும்பி வர ஒரு வாசல் வேண்டுமே.
பக்கத்தில் புதுசாக ஒன்று திறந்து
மூச்சை அடக்கிக்கொண்டு
ஏலே, என்றேன்.
என்னம்மா என்கிற மாதிரி எல்லாம் வந்தன.

பதிவெடுக்கிற ஸ்கிரிப்டும்
இந்தக் கோப்பை வாசித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும்.
கிளம்பியது.
பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக எண்களாயின.
அறுபது. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று.
முப்பத்தேழாம் காற்றாலை மட்டும் அப்படியே.

மறுபடி வரி வரியாகப் பார்த்தேன்,
மூணேகால் மட்டும்.
வெற்று வரியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
கதவைத் தோளால் தள்ளி வெளியே போனேன்.
எல்லாம் பேய் மாதிரி சுற்றுகிற காட்டில்
முப்பத்தேழு
மூன்று இறக்கையும் அசையாமல்
நின்றுகொண்டிருந்தது.
நிஜமாகவே பூஜ்யம்.