பதின்மூன்று தசம் நாலு

மத்தியான இடைவேளை ஒரு மணித்தியாலம்.
கோட்டையிலிருந்து செட்டியார் தெருவுக்கு
நடந்தால் இருபது நிமிடம்,
ஓட்டோவில் நெரிசலோடு இருபத்திரண்டு.
நடந்தேன்.

விரலில் மோதிரம் இல்லை.
பிளாஸ்டர் டப்பியில், பஞ்சுக்குள்
பிடுங்கிய பல்லுப் போலக் கிடந்தது.

பிளாட்டினம் என்று சொல்லித்தான் தந்தவை.
ஏழு வருசம் நானும் அதையே சொன்னேன்
காட்டு காட்டு என்று கையைப் பிடித்த எல்லோருக்கும்.
உட்பக்கம் ஒரு பதினெட்டு.
பக்கத்தில், கீறலா எழுத்தா தெரியாத ஒன்று.
நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது எழுத்து.

முதல் வருசம் விரல் கடித்தது.
சவர்க்காரம் என்றார் அருள்நேசன்,
கோப்பை கழுவியறியாதவர்.
பிறகு தோல் உரிந்தது.
வெள்ளவத்தை டொக்டர் களிம்பு எழுதினார்.
மோதிரத்தின் அடி மஞ்சளடிக்கத் தொடங்கியபோது
“உன்ர வேர்வைக்கு பிளாட்டினமே மஞ்சளாகுது”
என்றார் சாப்பாட்டு மேசையில்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.

கதிரேசன் கோயில் தாண்டி ஒடுங்கிய மாடிப்படி.
மேலே கண்ணாடி அறை, குளிர்.
யதுர்சன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு
முதலில் காந்தத்தைக் காட்டினான்.
மோதிரம் அசையவில்லை.
“இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது அக்கா.”

பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டான்.
வெளியில் நாலு தசம் ஆறு இரண்டு கிராம்.
உள்ளே நாலு தசம் மூன்று ஒன்று.
கல்குலேட்டரைத் தட்டினான்:
பதினாலு தசம் ஒன்பது.
“பிளாட்டினம் எண்டா இருபது வரோணும்.”

பெட்டிக்குள் வைத்து மூடினான். முப்பது விநாடி.
கீழே தெருவில் ஒருவன்
லொறியைப் பின்னுக்கு எடுப்பித்துக்கொண்டு
என்ன, என்ன, என்று கத்தினான்.
சிங்களத்தில் அது வா, வா.
எனக்குத் தமிழில்தான் கேட்டது.

தங்கம் எழுபத்தைந்து தசம் ஒன்று.
நிக்கல் பதின்மூன்று தசம் நாலு.
மிச்சம் செம்பும் நாகமும்.
ரோடியம், கண்ணாடியில் ஊதிய மூச்சளவு.

“வெள்ளைப் பவுண் அக்கா, பழைய சேர்மானம்.
மேல பூசின வெள்ளை தேஞ்சிட்டுது,
உள்ள இருக்கிற நிறம்தான் வெளியில வருது.
நிக்கல் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது.”
என் விரலைப் பார்க்காமலே சொன்னான்.

ஆக, என் வேர்வை நிரபராதி.
தோல் ஏழு வருசம் விடாமல் சொன்ன விடைக்கு
ஆயிரத்து ஐந்நூறு ரூபா கட்டி
ரசீது வாங்கினேன்.
விக்கிறீங்களா என்றான்.
இன்றைய விலையை எழுதியும் காட்டினான்,
நல்ல விலை.
நான் அச்சடித்த துண்டை மட்டும் கேட்டேன்:
பிரிட்ஜ் கதவில் ஒட்ட,
அருள்நேசன் பால் எடுக்கும் உயரத்தில்.

கடைசிப் படியில் கால் நின்றது.

மாமி இதை விரலிலிருந்து கழற்றித் தரவில்லை.
கழுத்துச் சங்கிலியை அவிழ்த்து
அதிலிருந்து உருவித் தந்தவ.
விரல் வீங்கிப் போச்சு, போட ஏலாது என்றவ.
மாமியின் விரல்களோ முருங்கைக்காய்.
இடது கை, நாலாம் விரல்,
அடிக்கணுவைச் சுற்றி ஒரு கறுத்த தடம்.
கேட்டால், சட்டி சுட்டது என்பா.
எந்தச் சட்டி
இவ்வளவு ஒழுங்காய் வட்டமாய்ச் சுடும்?

நடைபாதை பெல்ட் கடைக்காரன் அருகே ஒதுங்கி
கொட்டாஞ்சேனைக்கு எடுத்தேன்.
சாப்பிட்டியோ, மழையோ, பிள்ளைக்கு இருமல் நிண்டதோ
எல்லாம் அவவே கேட்டு முடித்த பிறகு
“மாமி, உங்களுக்கும் கடிச்சதோ?”

குக்கர் ஒரு தரம் கூவியது அந்தப் பக்கம்.
இன்னொரு தரம்.
பிறகு, கதவைச் சாத்திவிட்டு வந்த குரலில்,
“ஆர் சொன்னது?”